பெயர் சுட்டா அலர்

தமிழ் இலக்கியம் ஊர்வாயை இரண்டு சொற்களால் பகுத்து வைத்திருக்கிறது. ஒருத்தியும் ஒருவனும் கொண்ட காதலை ஊரார் குறிப்பால் உணர்ந்து, வாய்விட்டுச் சொல்லாமல், கண்ணசைவாலும் இதழ்க்கோணலாலும் தமக்குள் பரிமாறிக்கொள்வது அம்பல். அதே செய்தி வெளிப்படையாகப் பலர் நாவிலும் புரளத் தொடங்கினால் அது அலர். முன்னது அரும்பு, பின்னது மலர் என்பது உரையாசிரியர் வழிவந்த விளக்கம். வள்ளுவரும் ஊர்ப்பேச்சுக்கு இரண்டு அதிகாரங்கள் ஒதுக்கினார். அறத்துப்பாலின் புறங்கூறாமை அதனைக் கடிகிறது. இன்பத்துப்பாலின் அலரறிவுறுத்தலோ, ஊரார் தூற்றுவதே காதலுக்கு எருவாகிறது என்று தலைமக்களை மகிழச் செய்கிறது.

இதனோடு இன்னொரு மரபையும் சேர்த்து நோக்க வேண்டும். அகத்திணைப் பாடலில் தலைமக்களின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. காதலைப் பாடலாம், அது இன்னாருடைய காதல் என்று சொல்லக்கூடாது. இவ்விதி எவ்வளவு கூர்மையாகக் கொள்ளப்பட்டது என்பதற்கு நெடுநல்வாடை சான்று. தலைவியின் பிரிவுத் துயரமும் பாசறையில் உறங்காத தலைவனும் என முற்றிலும் அகப்பொருளாகவே நகரும் அப்பாட்டில் எவருடைய பெயரும் இல்லை. ஆனால் ஓரிடத்தில் வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருக்கிறது. வேம்பு பாண்டியரின் அடையாளப்பூ. ஆகவே இது பாண்டியனைச் சுட்டிற்று. சுட்டியதனால் இது புறம் என்று நச்சினார்க்கினியர் தீர்ப்பளித்துவிட்டார். பெயரைச் சொல்லாவிட்டாலும், ஆளை அடையாளம் காட்டும் குறிப்பு ஒன்றே ஒன்று இருந்தாலும் அது பெயர் சொன்னதற்கு ஒப்பு என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

திரைப்படக் கிசுகிசுவின் வரலாற்றைச் சொல்லப் புகுந்து நெடுநல்வாடையைத் தொடுவானேன் என்று வாசகர் வியக்கலாம். 'மூன்றெழுத்து நடிகை', 'உயரமான நாயகன்' என்று பெயர் சுட்டாமல் எழுதிவிட்டு, யாம் எவரையும் குறிப்பிடவில்லையே என்று கைவிரிக்கும் பத்தியெழுத்தாளருக்கு, நம் உரையாசிரியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை சொல்லிவிட்டார் என்பதற்காகவே. அந்த விடையை நாம் மறந்ததனால் நேர்ந்தவற்றுள் ஒரு கொலையும் ஒரு பெருவழக்கும் அடங்கும்.

அச்சேறிய வம்புக்கு நம் நாட்டில் வயது அதிகம். இந்தியாவின் முதல் செய்தித்தாளே ஒருவகையில் வம்புத்தாள்தான். ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி என்பார் 1780 சனவரியில் கல்கத்தாவில் தொடங்கிய வங்காள கெசட், தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்சையும் தலைமை நீதிபதி இம்பேயையும் பட்டப்பெயர்களால் எள்ளியது. வெள்ளையர் குடியிருப்பின் அந்தரங்கங்களை ஊருக்கு விற்றது. பெயருக்கு மாற்றாகப் பட்டப்பெயர் என்னும் உத்தி இந்திய இதழியலின் தொட்டிலிலேயே கிடந்தது என்று இதனால் அறிகிறோம். ஹிக்கி அவதூறு வழக்குகளில் சிறை சென்றார். 1782இல் அவருடைய அச்சுப்பொறி பறிமுதலாயிற்று. ஆயினும் அவர் வெறும் வம்பர் அல்லர். அதிகாரத்தின் ஊழலையும் அவரே எழுதினார். ஒரே தாளில் இரண்டும் கலந்து கிடந்ததால், ஊழலை மறைக்க விரும்பியவர்களுக்கு வம்பே நல்ல சாக்காக வாய்த்தது.

அதே காலத்தில் கல்கத்தாவில் வில்லியம் ஹிக்கி என்றொரு வழக்கறிஞரும் வாழ்ந்தார். அவர் எழுதிவைத்த நினைவுக்குறிப்புகள் பின்னாளில் நூலாயின. 1933இல் இலண்டனின் டெய்லி எக்ஸ்பிரஸ் நாளிதழில் பெருமக்களின் வாழ்க்கைச் செய்திகளைத் தரும் பத்தியொன்றைத் தொடங்கிய டாம் டிரைபெர்க், அந்தக் கல்கத்தா வழக்கறிஞரின் பெயரையே தமக்குப் புனைபெயராகச் சூட்டிக்கொண்டார். டிரைபெர்க் விலகிய பின்னும் அப்பெயர் நிலைத்தது. ஒரே பெயருக்குள் பலர் மாறிமாறி எழுதினர். எழுதப்படுவோர் மட்டுமன்றி எழுதுவோரும் முகமற்றவராகும் வழக்கம் இப்படி நிலைபெற்றது. நம்மூரிலும் இதற்கு நிகருண்டு. குமுதத்தில் 'லைட்ஸ் ஆன்' என்ற பெயரில் திரைத்துணுக்குகள் எழுதிய 'வினோத்' வேறு யாருமல்லர், புதினங்களாலும் மொழிபெயர்ப்புகளாலும் அறியப்பட்ட ரா.கி. ரங்கராஜனே. தரமான நடையுடைய ஓர் எழுத்தாளர்கூட இப்பத்திக்கென்று தனிப்பெயர் பூண்டார் என்பது சிந்திக்கத்தக்கது.

இனிச் சென்னைக்கு வருவோம். ஆண்டு 1943. இரண்டாம் உலகப்போரின் நெருக்கடியால் எல்லாமே பங்கீட்டில் கிடைத்த காலம். படச்சுருள் தட்டுப்பாட்டால் ஒரு படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டக்கூடாது என்று அரசு ஆணையிட்டிருந்தது. இதழ் நடத்தக் காகிதமும் உரிமமும் வேண்டும். அந்நாளில் சி.என். லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்ற வார இதழைத் தொடங்கினார். போலி ஆவணக் குற்றத்துக்காக முன்பே தண்டனை பெற்றவர் அவர். திரைக்கலைஞர்களின், குறிப்பாக நடிகையரின், ஒழுக்கம் பற்றி வாரந்தோறும் எழுதினார். யாரைப் பற்றி என்பதில் வாசகனுக்கு ஐயம் எழாத வகையில் எழுதினார். எழுதாமல் இருப்பதற்குப் பணம் கேட்கிறார் என்பது திரையுலகத்தார் அவர்மீது சுமத்திய குற்றச்சாட்டு. இதழ் விற்றது. காகிதம் அரிதான காலத்திலும் அதற்கு வாசகர் பஞ்சமில்லை.

அன்று தமிழ்த் திரையின் உச்சியில் இருந்தவர்கள் இருவர். ஒருவர், 1934இல் பவளக்கொடியில் தொடங்கிச் சிந்தாமணி, அம்பிகாபதி, அசோக்குமார், சிவகவி என்று வளர்ந்த எம்.கே. தியாகராஜ பாகவதர். மற்றவர், சிரிப்போடு சீர்திருத்தத்தையும் கலந்து தந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். இவர்களும், கோவைப் பட்சிராஜா படப்பிடிப்பு நிலையத்தின் ஸ்ரீராமுலு நாயுடுவும் சேர்ந்து, சினிமா தூதின் உரிமத்தை நீக்குமாறு சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் விண்ணப்பித்தனர். உரிமம் நீக்கப்பட்டது. லட்சுமிகாந்தன் ஓயவில்லை. 'இந்து நேசன்' என்னும் இதழைக் கைப்பற்றிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். இப்போது திரையுலகத்தாரோடு செல்வரும் பிரமுகரும் அவர் பேனாவுக்கு இலக்காயினர். தாளைத் தடைசெய்ய முடிந்த அரசால் அந்தத் தாளுக்கான பசியைத் தடைசெய்ய இயலவில்லை.

1944 நவம்பர் 8ஆம் நாள் காலை, வேப்பேரியில் தம் வழக்கறிஞர் நண்பரைக் கண்டுவிட்டு ரிக்‌ஷாவில் திரும்பிக்கொண்டிருந்த லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர் மறுநாள் இறந்தார். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான், தீபாவளியன்று, பாகவதரின் 'ஹரிதாஸ்' திரைக்கு வந்திருந்தது. சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அது. அப்படம் ஓடிக்கொண்டிருந்தபோதே அதன் நாயகரும் அதில் உடன் நடித்த கலைவாணரும், ஸ்ரீராமுலு நாயுடுவும் கொலைச்சதிக் குற்றச்சாட்டில் கைதாயினர்.

வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்பு, நடுவர் குழுவோடு நடந்தது. கே.எம். முன்ஷி வாதாடிய ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் எனக் காணப்பட்டு, 1945 மே மாதத்தில் வாழ்நாள் தண்டனை பெற்றனர். உயர்நீதிமன்ற மேல்முறையீடும் தள்ளுபடியாயிற்று. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மீண்டும் விசாரிக்குமாறு சென்னைக்கே திரும்பிற்று. வி.எல். எத்திராஜ் வாதாட, நீதிபதிகள் ஹாப்பெல், சகாபுதீன் ஆகியோர் 1947 ஏப்ரலில் இருவரையும் விடுவித்தனர். இரண்டாண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்திருந்தன. அதற்குள் ஸ்ரீ முருகன் படத்தில் பாகவதர் ஏற்கவிருந்த வேடத்தில் ஹொன்னப்ப பாகவதர் நடித்து முடித்திருந்தார். கலைவாணரின் வழக்குச் செலவுக்காகவே டி.ஏ. மதுரம் அம்மையார் 'பைத்தியக்காரன்' படத்தை எடுக்க வேண்டியதாயிற்று.

விடுதலைக்குப் பின் கலைவாணர் நல்லதம்பி, மணமகள், பணம் என்று மீண்டெழுந்தார். பாகவதர் மீளவில்லை. ராஜமுக்தி, அமரகவி, சியாமளா, புதுவாழ்வு எனப் படங்கள் வந்தன. பழைய செல்வாக்கு வரவில்லை. 1957இல் கிருஷ்ணனும் 1959 நவம்பர் 1ஆம் நாள் பாகவதரும் மறைந்தனர். இவ்வளவும் தமிழ்நாட்டில் பலமுறை சொல்லப்பட்ட கதை. சொல்லப்படும் முறைதான் நம்மை உறுத்துகிறது.

இக்கதையில் எப்போதும் இரண்டு கலைஞர்களின் வீழ்ச்சியே பொருளாகிறது, அது நியாயமே. குற்றமற்றவர் என்று நீதிமன்றம் இறுதியாகச் சொன்ன இருவர் தம் வாழ்வின் செழிப்பான ஆண்டுகளை இழந்தனர். ஆனால் கொல்லப்பட்ட ஒருவர் இருக்கிறார். அவர் எழுத்து இழிந்தது என்பது, அவர் நடுத்தெருவில் குத்துண்டு இறந்ததற்கான கணக்கைத் தீர்த்துவிடாது. பாகவதர் செய்யவில்லையெனில் யார் செய்தது, ஏன் செய்தது என்னும் வினா, விடுதலை நாளின் மாலைகளுக்கும் வாழ்த்துகளுக்கும் அடியில் அமுங்கிப்போயிற்று. ஒருவரை எவ்வளவு வெறுத்தாலும் அவர் சாவுக்கு விடை கேட்பது அறம். அதனை அன்றைய தமிழகம் கேட்டுத் தீர்த்ததாகத் தெரியவில்லை.

இதில் இன்னொரு முரணும் உண்டு. சினிமா தூதையோ இந்து நேசனையோ கையிலேந்திப் புரட்டியவர் நம்மில் அரியர். லட்சுமிகாந்தன் என்ற மனிதர் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிறர் வாய்ச்சொல்லாகத்தான்: சிறைக்கதைகளாக, மிரட்டல் கதைகளாக, கேட்டவர் கேட்டதைச் சொன்னவையாக. பிறரை அலர் தூற்றி வாழ்ந்தவர் தாமே அலராகிப் போனார். வரலாறு எழுதுவோர் இதில் எச்சரிக்கை கொள்ளவேண்டும். அவரைப் பற்றிச் சுவையான எதுவும் எளிதில் நம்பப்படும் என்பதனாலேயே.

இவ்வழக்குக்குப் பின் தமிழ் இதழ்களில் வம்பு நின்றுவிடவில்லை, நடைதான் மாறிற்று. பெயர் மறைந்து குறிப்பு வந்தது. எழுத்தின் எண்ணிக்கை, பிறந்த மாநிலம், வெற்றிபெற்ற படத்தின் பெயரில் ஒரு சொல் என்று வேம்பின் தழைகள் மட்டும் வேலில் கட்டப்பட்டன. 'கிசுகிசு' என்ற இரட்டைக்கிளவியே இதற்குப் பெயராக அமைந்தது. காதோடு காதாக ஒலிப்பதைக் குறிக்கும் அச்சொல் அம்பலுக்கு உரியது. அச்சிட்டு இலட்சம் பேருக்கு விற்பதோ அலர். அம்பலின் பெயரில் அலரை நடத்தும் இந்தச் சாமர்த்தியம் சட்டத்திலிருந்து தப்ப உதவியது. அதைவிட வாசகனுக்கு உதவியது. விடுகதை அவிழ்க்கும் இன்பத்தில், தான் ஒருவரது வாழ்க்கைக்குள் எட்டிப்பார்க்கிறோம் என்பதையே அவன் மறந்தான்.

சட்டம் இதனை எப்படி எதிர்கொண்டது? இரண்டு நிகழ்ச்சிகளைச் சுட்டலாம். இலண்டன் டெய்லி மிரர் இதழில் 'கசாண்ட்ரா' என்ற புனைபெயரில் எழுதிய வில்லியம் கானர், 1956இல் அமெரிக்கப் பியானோ கலைஞர் லிபராச்சியைப் பற்றிப் பெயர் சுட்டியே எழுதினார். அவருடைய பாலியல் நாட்டத்தை மட்டும் குறிப்பால் உணர்த்தினார். லிபராச்சி வழக்குத் தொடுத்து, அக்குறிப்பு பொய்யென்று சத்தியம் செய்து, 1959இல் 8,000 பவுண்டு இழப்பீடு பெற்றார். அவர் மறைந்த பின்னர், குறிப்பு உண்மைதான் என்று உலகம் அறிந்தது. தன் அந்தரங்கத்தைக் காக்க ஒருவர் பொய்ச்சத்தியம் செய்யவேண்டியிருந்தது என்றால், பிழை எங்கே? அவதூறுச் சட்டம் 'இது உண்மையா' என்று மட்டுமே கேட்கிறது. 'உண்மையேயாயினும் இது உனக்கு எதற்கு' என்று கேட்க அதற்குத் தெரியவில்லை.

அந்த இரண்டாம் வினாவை இந்தியச் சட்டம் தெளிவாகக் கேட்டது ஒரு தமிழ் இதழின் வழக்கில்தான். ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட முனைந்த நக்கீரன் இதழுக்கு அதிகாரிகள் முட்டுக்கட்டை இட்டபோது, உச்சநீதிமன்றம் 1994இல் அளித்த தீர்ப்பு இருபுறமும் கூர்மையுடையது. தனித்து விடப்படும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு. அவன் இசைவின்றி அவனுடைய மணவாழ்க்கை, குடும்பம் முதலியவற்றை வெளியிடலாகாது. அதேவேளை, பொது ஆவணங்களில் உள்ளதை எழுதலாம். பதவியிலிருப்போர் தம் கடமையாற்றும் முறையை எழுதலாம். வெளிவருமுன் தடுத்து நிறுத்தும் அதிகாரம் அரசுக்கு இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்பதை 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது.

ஆயினும் நடைமுறை இந்தத் தெளிவை எட்டவில்லை. 2009 அக்டோபரில் சென்னை நாளிதழொன்று நடிகையர் சிலரை இழிவாகக் குறிக்கும் செய்தியை வெளியிட்டது. திரையுலகத்தார் திரண்டனர், காவல்துறையிடம் முறையிட்டனர், அவ்விதழின் செய்தி ஆசிரியர் கைதானார். உடனே பத்திரிகையாளர்கள் எதிர்த்துத் திரண்டனர். 1943க்கும் 2009க்கும் இடையில் கொடி மாறியது, ஆட்சி மாறியது. வம்பு வந்தால் அரசின் கதவைத் தட்டும் வழக்கம் மாறவில்லை. பிரிட்டனின் கதையும் வேறன்று. 1843இல் தொடங்கிய நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு, பிறர் கைப்பேசிகளின் குரற்செய்திகளை ஒட்டுக்கேட்டுச் செய்தி திரட்டியது அம்பலமாகி, 2011 சூலையில் மூடப்பட்டது. கொலையுண்ட ஒரு சிறுமியின் கைப்பேசியையும் ஒட்டுக்கேட்டார்கள் என்பது தெரிந்த பிறகே அந்நாட்டு மக்கள் கொதித்தனர். அதுவரை நடிகர்களும் அரச குடும்பத்தாரும் ஒட்டுக்கேட்கப்பட்டது அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சுவையாக இருந்தது.

பாகவதரும் கலைவாணரும் சிறைமீண்ட அதே 1947இல்தான், அக்டோபர் மாதம், சிறுமலை அடிவாரத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் கோ. இராமச்சந்திரனும் நாம் வாழும் இந்தக் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தனர். யாருடைய பெயரால் இவ்வூர் அமைந்ததோ அவர் நெடுங்காலம் இதழாசிரியர். இந்தியன் ஒப்பீனியன் இதழில் பெற்ற பட்டறிவைத் தம் சத்திய சோதனையில் எழுதும்போது, கட்டற்ற பேனா அழிவு செய்யும் என்கிறார் காந்தியடிகள். உடனே ஒரு திருத்தமும் சேர்க்கிறார்: வெளியிலிருந்து வரும் கட்டுப்பாடு கட்டின்மையைவிடக் கொடிய நஞ்சு, உள்ளிருந்து எழும் கட்டுப்பாடே பயன் தரும். சினிமா தூதின் வரலாறு இக்கூற்றுக்கு எழுதிய உரை போலவே இருக்கிறது. உரிமத்தைப் பறித்தது வெளிக்கட்டுப்பாடு. அதன் விளைவு இந்து நேசன்.

அலரறிவுறுத்தலைப் பாடம் சொல்லும்போது எம் மாணவர்களிடம் ஒன்று கேட்பதுண்டு: சங்ககாலத்து ஊர் தூற்றியதற்கும் நாளிதழ் தூற்றுவதற்கும் வேறுபாடு என்ன? சின்னாளப்பட்டியிலிருந்து வரும் ஒரு நெசவாளர் மகள் ஒருமுறை சொன்ன விடை எந்த நூலிலும் நாம் காணாதது. "ஊர்க்காரங்க பேசினா மறுநாள் கொழாயடியில அவங்க மூஞ்சியிலதான் முழிக்கணும், பேசினவங்களும் கூசுவாங்க ஐயா, பேப்பர்ல படிக்கிறவங்களுக்கு அந்தக் கூச்சமே வராது" என்றார். அலர் தூற்றிய ஊர் அக்காதலரோடு சேர்ந்து வாழ்ந்த ஊர். அது பேசிப்பேசியே இறுதியில் அவர்களை மணத்தை நோக்கித் தள்ளியது. அந்த மணத்தில் விருந்தும் உண்டது. இதழ் வாசகனுக்கு அத்தகைய கடப்பாடு ஒன்றுமில்லை. காசு கொடுத்தான், படித்தான், கசக்கி எறிந்தான்.

உள்ளிருந்து எழும் கட்டுப்பாடு எழுதுவோருக்கு மட்டும் உரியதன்று என்றே கருதுகின்றோம். லட்சுமிகாந்தன் வழக்கில் குற்றக்கூண்டில் பலர் நின்றனர். எழுதியவர் மாண்டார், எழுதப்பட்டவர் சிறையிருந்தனர், ஆளுநர், நடுவர், நீதிபதி என ஒவ்வொருவரும் வரலாற்றின் முன் விடை சொல்லவேண்டியவராயினர். வாரந்தோறும் காசு கொடுத்து அந்தத் தாளை வாங்கி, யாருடைய வேலில் எந்தத் தழை என்று தேடிக் களித்த பல்லாயிரவரின் பெயர் மட்டும் எந்த ஆவணத்திலும் சுட்டப்படவில்லை. அவர்கள் அப்படியே அகத்திணை மாந்தர்போல் பெயரின்றி வீடு திரும்பினர்.